கூப்பிட்டால் வரும் நாய்

என் மனைவியின் தம்பி வளைகுடாவில் வேலை பார்க்கிறான். குளிர்காலம் வந்துவிட்டால் அவனும் அவன் மனைவி மக்களும் விடுமுறை நாளில் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போடுவார்கள். மணல்மேட்டுக்கு நடுவே ஒரு கூடாரம், ஓர் அடுப்பு, ஒல்லியான இரண்டு நாய்கள். அதை வீடியோ எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போடுவான். நாய்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓடிப் புள்ளியாகி, அந்தப் புள்ளி மறுபடி பெரிதாகி நாயாகத் திரும்பி வரும். என் மகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

"நம்மளும் இப்புடிப் போலாமுங்கப்பா. நம்மகிட்டயும் ரெண்டு நாய் இருக்குதில்ல?"

"சேலத்துல பாலைவனத்துக்கு எங்க கண்ணு போறது? மே மாசம் வரட்டும், மொட்டை மாடியில கூடாரம் போட்டுக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. நான் எதற்கும் முடியாது என்று நேராகச் சொல்வதில்லை, சிரிக்கவைத்துத் தள்ளிப்போடுவேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்ட வயது. "பாலைவனம் வேணாம். ஏற்காடு இருக்குதில்ல?" என்றாள். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை தெரியும்.

நான் பயந்தவன். அதை ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தெட்டு வயதை எட்டிவிட்டேன். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் எழுதியதை மூன்று முறை சரிபார்ப்பது போலவே வீட்டில் கேஸ் அடுப்பையும் மூன்று முறை பார்ப்பேன். மகள் டியூஷன் போய்ச் சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும், கிளம்பும்போது செய்ய வேண்டும், நடுவில் மழை வந்தாலும் செய்ய வேண்டும். மறந்தால் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிடுவேன். அவளுடைய தோழிகள் என்னைப் பார்த்ததும் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பிள்ளை பத்திரமாக வந்தால் சரி என்று இருந்தேன்.

நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று பள்ளி நண்பர் ஒருவர் கொடுத்த சீமை நாய். தடித்தது, சோம்பேறி, யார் என்ன சொன்னாலும் கேட்காது. இன்னொன்று செவலை நிற நாட்டு நாய், பெட்டை. மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது மழையில் தெருச் சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தன் பள்ளிக்கூட ஸ்வெட்டரில் சுற்றி எடுத்து வந்தாள். வீட்டில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. இப்போது அதை யாரும் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

ஒருநாள் செவலை வாசல் கதவு திறந்திருந்த நேரம் பார்த்துப் பூனை ஒன்றைத் துரத்திக்கொண்டு பெரிய சாலைக்கு ஓடிவிட்டது. லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பின்னாலேயே மகளும் ஓடியிருந்தாள். மறுநாள் நான் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் இரும்பு விசில் ஒன்று வாங்கினேன்.

எட்டு மாதம் பழக்கினேன். விடிந்ததும் பள்ளி மைதானத்துக்கு அதை அழைத்துப்போவேன். பையில் வேகவைத்த ஆட்டு ஈரல் துண்டுகள் இருக்கும். விசில் ஊதினால் வர வேண்டும், வந்தால் ஈரல். முதலில் பத்தடி தூரத்திலிருந்து, பிறகு மைதானத்தின் மறுகோடியிலிருந்து. பிறகு மற்ற நாய்களோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது. கடைசியில் வாயில் எலும்பைக் கவ்வியிருக்கும்போது. எலும்பைப் போட்டுவிட்டு வந்த அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை, என் மாணவன் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருந்தால்கூட அடைந்திருக்க மாட்டேன். எந்த நிலையில் இருந்தாலும், எதை விட்டாவது வர வேண்டும்: அதுதான் பாடம். செவலை அதை முழுமையாகக் கற்றுக்கொண்டது. சீமை நாய்க்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஈரலைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

செவலை சொன்னபடி கேட்கும் என்ற தைரியத்தில், பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை காரில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு மலை ஏறினோம். சீமை நாய் இரண்டு முறை வாந்தி எடுத்தது. செவலை ஜன்னல் கண்ணாடிக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டே வந்தது. நாகலூரைத் தாண்டி, உடன் வேலை பார்ப்பவரின் சொந்தக்காரர் ஒருவருக்குக் காப்பி எஸ்டேட் இருக்கிறது. அதன் மேல் எல்லையில் கூடாரம் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். பழம் பறிக்கும் பருவம். களத்தில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால் ஓர் அகலப் பாறையைக் காட்டிவிட்டு, சம்பளம் போடும் நாள் என்று அவசரமாகத் திரும்பிப் போனார்.

பாறை நன்றாகத்தான் இருந்தது. மொட்டையாக, வெயிலில் வெளுத்து, கோவில் பிராகாரம் போல விரிந்துகிடந்தது. அதற்குக் கீழே சரிவில் மலைக்காரர் ஒருவரின் காடு. கேழ்வரகு அறுத்த தாள் ஒரு பக்கம், மரவள்ளி ஒரு பக்கம், சுற்றிலும் உண்ணிச்செடியும் முள்ளும் கலந்த வேலி. தூரத்தில் ஓட்டு வீடு ஒன்றின் புகை. அவ்வளவுதான். கூடாரத்தை விரிப்பதற்குள் எனக்கும் மனைவிக்கும் இரண்டு சண்டை வந்தது. கம்பி எந்தத் துளையில் போக வேண்டும் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். பாறையில் ஆணி இறங்காது என்பதை நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் நாலு மூலையிலும் கல்லை வைத்துக் கட்டினோம்.

"இத்தன லிஸ்ட் போட்டீங்க, பாறையில ஆணி எறங்காதுன்னு லிஸ்ட்ல இல்லீங்களா?" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் எல்லாரும் நிறையச் சிரித்தோம். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

நாகலூர்க் கடையில் வாங்கி வந்த பரோட்டாவைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் காட்டுக்காரர் மேலே வந்தார். அறுபது வயதிருக்கும். தலையோடு சேர்த்துக் கம்பளி போர்த்தியிருந்தார். அவர் கால் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மெலிந்த கருப்பு நாய் ஒன்று வந்தது. எங்கள் நாய்கள் இரண்டும் குரைத்த குரைப்புக்கு அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இங்கயேவா படுக்கப் போறீங்க?"

"ஆமாங்க. எஸ்டேட்ல கேட்டுட்டுத்தான் வந்தோம்."

"ஊடு வாசல் இல்லாதவங்களாட்டம் பாறமேல வந்து படுக்கறீங்களே!" என்று சிரித்தார். "நொம்பக் குளுருமுங்க. பொறுக்க மாட்டீங்க."

"எல்லாம் இவ ஆசைங்க," என்று மகளைக் காட்டினாள் மனைவி.

"ஏங் கண்ணு, பயமா இல்லியா?"

"எங்கப்பாதாங்க பயப்படுவாரு. நாங்கெல்லாம் பயப்பட மாட்டோம்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கிளம்பும்போது நின்று, எங்களைப் பார்க்காமல் கீழே வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாயக் கட்டிப் போட்ருங்க சாமி. பன்னி நடமாட்டம் இருக்குது. விடிஞ்சு, நான் ஒருக்கா இப்புடி வந்துட்டுப் போனதுக்கப்புறம் அவுத்துக்கங்க."

பன்றி இருந்தால் நாயைக் கட்டவேண்டியதுதான். ஆனால் விடிந்த பிறகு அவர் எதற்கு வந்துவிட்டுப் போக வேண்டும்? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் கூடக் கண்டுபிடித்துவிடுகிறவன் நான். ஒரு மலைக்காரர் சொன்னதில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அதைப் பேச்சுப்போக்காக எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது வேறு.

"அவுத்தாலும் பயமில்லீங்க. விசில் ஊதுனா எங்க இருந்தாலும் வந்துரும். பாக்கறீங்களா?" என்றேன். பாறையின் மறுகோடிக்குச் செவலையை ஓடவிட்டு ஊதினேன். அது அம்பு போல வந்து என் காலடியில் உட்கார்ந்தது. ஒரு துண்டு ஈரலைக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நொம்பக் கேக்குதுங்களே," என்றார் அவர், சிரிக்காமல். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரவு நாய்களைக் கூடாரத்துக்குள்ளேயே கட்டிப் படுக்கவைத்தோம். குளிரில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

விடிந்தபோது பனிமூட்டம். கூடாரத்தின் வாயைத் திறந்தால் பால் கரைத்த தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. பக்கத்தில் வைத்த அடுப்பு தெரிந்தது, அதற்கு அடுத்த கல் தெரியவில்லை. செவலை முனகிக்கொண்டே கதவுப் பக்கம் போய்ப்போய் வந்தது. இரவெல்லாம் அடக்கிவைத்திருக்கிறது. நான் கயிற்றை அவிழ்த்தேன்.

"கயித்தோட கூட்டிட்டுப் போங்க. அந்தப் பெரியவரு சொன்னாருல்ல?" போர்வைக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்.

"விடிஞ்சிருச்சு. விசில் இருக்குது. என்ன பயம்?"

வாழ்நாளில் ஒரே ஒரு முறை நான் பயப்படாமல் இருந்தேன்.

செவலை பாறையின் சரிவில் இறங்கிப் பனிக்குள் மறைந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். பால் பொங்கும் நேரம் ஆயிற்று. நாய் வரவில்லை. விசிலை எடுத்து ஊதினேன். வழக்கமாக ஊதி முடிக்குமுன் நகங்கள் தரையில் உரசும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. மறுபடி ஊதினேன். கீழே எங்கிருந்தோ சின்னதாக ஒரு கீச்சுக்குரல் வந்தது.

மகள் கூடாரத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள். "பாரு, பதில் சொல்லுது. வந்துட்டிருக்குது," என்றேன்.

"அது பதிலெல்லாம் சொல்லாதுங்கப்பா. வந்துதான் நிக்கும்."

உண்மை. எட்டு மாதம் பழக்கியவனுக்குத் தெரியாதது, அதோடு ஒரே பாயில் படுத்தவளுக்குத் தெரிந்திருந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி கீச்சுக்குரல். அதே இடத்திலிருந்துதான் வந்தது. நெருங்கவில்லை.

"வரலைன்னா வர முடியலைன்னு அர்த்தம். நான் போயிப் பாக்கறேன்."

அவள் செருப்பை மாட்டுவதற்குள் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பனியில் பாறை வழுக்கும். விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. பன்றி இருக்கிறதாம். இந்தப் பக்கம் காட்டெருமை வரும் என்று ரைட்டர் சொல்லியிருந்தார். இத்தனையையும் அவளிடம் வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். இன்றைக்கும் அவற்றில் ஒன்றைக்கூடத் தவறு என்று நிரூபிக்க முடியாது.

"அப்ப நீங்க போங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"நான் போயிட்டா நீ பின்னாலயே வருவ. எனக்குத் தெரியும். நாய விட எனக்கு நீ முக்கியம் சாமி. பனி கொஞ்சம் வெலகட்டும். கூப்புட்டுட்டே இருப்போம், அதுவா வந்துரும்."

ஒரு கையில் மகளின் மணிக்கட்டு. மறு கையில் விசில். எவ்வளவு நேரம் ஊதினேன் என்று மனைவி பிறகு கணக்குச் சொன்னாள்: முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பாலைவனமாக இருந்தால் நாய் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இங்கே காது மட்டும்தான். காதால் கேட்டதை நான் எனக்குச் சாதகமாகப் புரிந்துகொண்டேன். ஊதும்போதெல்லாம் அந்தக் குரல் வந்தது. நான் ஊதாமல் இருந்தபோது வரவில்லை. ஆகவே ஊதினேன். குரல் சிறுத்தது. தூரமாகப் போகிறதோ என்று இன்னும் பலமாக ஊதினேன். பிறகு குரல் இல்லை, இலை சலசலப்பு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் கீழேயிருந்து மனிதக் குரல் கேட்டது. "ஊதாதீங்க! ஏனுங்க... ஊதாதீங்க!"

"யாரோ கத்தறாங்களே," என்றாள் மனைவி.

"காலங்காத்தால சத்தம் போடறமுன்னு கோபிச்சுக்கறாங்க போல," என்றேன். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு முறை ஊதினேன். இரண்டு முறை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மகள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். வழுக்கியது, விழுந்தேன், எழுந்து ஓடினேன். விசில் வாயிலேயே இருந்திருக்கிறது. ஓட்டத்தில் மூச்சு வாங்க வாங்க அது தானாகக் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. துப்பவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. பன்றி வந்துபோகும் தடம். அங்கே காட்டுக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் பைக்கின் கிளட்ச் கம்பியைச் சுருக்காகக் கட்டி, மறுமுனையை மரத்தின் அடியில் சுற்றியிருந்தார்கள். சுருக்கு செவலையின் கழுத்தில் இருந்தது. எங்கே இருந்தது என்று தெரியாத அளவுக்கு முடிக்குள் புதைந்திருந்தது. அவர் அதன் உடம்பை மரத்தின் பக்கம் தள்ளித் தள்ளிக் கம்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். தளர்ந்தது. எடுத்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதன் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நாய் பாறையைப் பார்த்தபடி கிடந்தது. எங்களைப் பார்த்தபடி. அதன் முன்கால்களுக்குக் கீழே ஈரமண்ணில் ஆழமாக இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. அவை மரத்தை நோக்கி இல்லை. மேலே, நான் நின்ற திசையை நோக்கி இருந்தன.

மகள் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழவில்லை. காதுக்குள் இருந்த மண்ணை விரலால் எடுத்துவிட்டாள்.

நான் கத்தினேன். வேறென்ன செய்ய முடியும் எனக்கு? "கம்பி வெக்கறது கேஸுன்னு தெரியுமாய்யா உனக்கு?" வாழ்க்கையில் நான் பெரியவர்களை ஒருமையில் பேசியதில்லை.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் வெச்சியா?"

"பன்னி ஒரு ராத்திரியில மொத்தக் கெழங்கையும் உழுதுட்டுப் போயிருதுங்க. மனு குடுத்தாலும் யாரும் வந்து பாக்கறதில்ல. பொழுதெறங்கக் கட்டுவேன், விடியக்காத்தால வந்து அவுத்துருவேன். இன்னிக்குப் பனியில கொஞ்சம் நேரமாயிருச்சு. நாயக் கட்டுங்கன்னு சொன்னனுங்களே."

"எதுக்குன்னு சொன்னியா? கம்பி இருக்குதுன்னு சொன்னியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எப்புடிங்க சொல்றது? நீங்க ஆபீஸ் ஆளாட்டம் இருந்தீங்க. எழுதிப் போட்டுட்டீங்கன்னா?"

"எழுதத்தான் போறேன்!"

"எழுதுங்க சாமி," என்றார். மறுப்பு ஏதும் இல்லை அந்தக் குரலில். அவருடைய கருப்பு நாய் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, என்னிடம் இல்லை, தனக்குள் சொல்லிக்கொள்வது போல அவர் பேசினார்.

"இதுவும் ரெண்டு வாட்டி மாட்டியிருக்குதுங்க. மாட்டுச்சுன்னா அப்புடியே படுத்துக்கும். இழுக்காம இருந்தாக் கம்பி ஒண்ணும் பண்ணாது. இந்தப் பக்கத்துல காணாமப் போன நாய நாங்க யாரும் கூப்புட மாட்டோமுங்க. வாயே தொறக்க மாட்டோம். வேலியோரமாவே நடந்து தேடுவோம். கூப்புட்டா அது எந்திரிச்சு வரப் பாக்குமில்லீங்க."

மகள் தலையை நிமிர்த்தினாள். அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள்.

மனைவி வந்து சேர்ந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. பாறை நன்றாகத் தெரிந்தது. நூறு அடி இருக்குமா? அவ்வளவுகூட இருக்காது.

வாடகை வீட்டில் குழி தோண்ட இடம் இல்லை. நாயை எங்கே கொண்டுபோவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மம்முட்டி எடுத்து வந்து, "எங் காட்டுலயே வெச்சரலாம் கண்ணு. பலாமரத்தடியில. நான் உழ மாட்டேன் அந்த எடத்த," என்று மகளிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவள் தலையாட்டினாள். நான் மம்முட்டியை வாங்கக் கை நீட்டினேன். "நீங்க வேணாம்," என்றாள் மகள். குழியை அவரும் அவளும்தான் தோண்டினார்கள். அவர் வீட்டுக்குப் போய் ஒரு பை உப்புக் கொண்டுவந்து குழிக்குள் போட்டார். அவருடைய மனைவியும் வந்து நின்று, "நல்ல புள்ளயாட்டம் கெடக்குதே," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்கள் இருவரையும் அறைய வேண்டும் போல இருந்தது. அவர்கள் கொடுத்த வரக்காப்பியை என் மனைவியும் மகளும் வாங்கிக் குடித்தார்கள்.

இறங்கி வரும்போது சீமை நாய் பின் சீட்டில் காலியாக இருந்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கே கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. சொன்ன பேச்சைக் கேட்காத நாய் அது. அந்தச் சந்தில் அது மாட்டியிருந்தால் நான் எத்தனை ஊதியும் அசையாமல் கிடந்திருக்கும். உயிரோடு இருந்திருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடிவாரம் வரைக்கும் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பாதி மலை இறங்கியபோது மகள் கேட்டாள்: "அப்பா, அது வலிச்சுக் கத்துச்சுங்களா, இல்ல வரேன்னு சொல்லுச்சுங்களா?"

"விடு சாமி," என்றாள் மனைவி.

எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசித்தேன். "வலிச்சுத்தான் கண்ணு," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லாரும் விசாரித்தார்கள். சட்டவிரோதமாகக் கம்பி வைத்திருந்தான், நாய் செத்துப்போனது என்று சொன்னேன். ஒருவர் விடாமல் அந்த மனிதரைத் திட்டினார்கள். மலைக்காரர்களையே சேர்த்துத் திட்டினார் ஒருவர். நான் தடுக்கவில்லை. கேட்கக் கேட்க ஆறுதலாக இருந்தது. பிறகு எங்கே போனாலும் அந்தக் கதையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சுருக்கமாகவும் சுத்தமாகவும் ஆனது. பனி இருந்தது, கம்பி இருந்தது, நாய் செத்தது. விசில் அதில் வரவில்லை. வளைகுடாவிலிருந்து மைத்துனன் பேசியபோதும் அப்படியே சொன்னேன். "சும்மா விடாதீங்க மாமா, கம்ப்ளெயிண்ட் குடுங்க," என்றான்.

வனத்துறைக்கு மனு எழுதினேன். இரண்டு பக்கம். நான் நன்றாக எழுதுவேன், பள்ளியில் எல்லா மனுவும் நான் எழுதியதுதான். கம்பி எப்படிக் கட்டப்பட்டிருந்தது, வேலியில் எந்தத் திசையில் சந்து இருந்தது, அந்த நபர் தானே ஒப்புக்கொண்டது, எச்சரிக்கை தராமல் மறைத்தது என்று எல்லாம் எழுதினேன். நாயின் இடத்தில் ஒரு குழந்தை இருந்திருந்தால் என்ன ஆவது என்றும் ஒரு பத்தி. அதில் பொய் ஒன்றும் இல்லை. உறையில் போடுமுன் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மகள் அதைப் படித்துக்கொண்டு நின்றாள். மலையிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. டியூஷன் போனதும் போன் செய்வதையும் நிறுத்திவிட்டாள். நானும் தெருமுனைக்குப் போவதில்லை. போக முடியவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "விசில் எங்கப்பா?"

"அது எதுக்கு சாமி இதுல? சட்டப்படி தப்பு கம்பி வெச்சதுதான்."

"அவரு எதுக்குன்னு சொல்லல. தப்புத்தான். நீங்களும் சொல்லலயே."

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் குனிந்து நிதானமாக எழுதினாள். எழுதி முடித்துப் படித்துக்காட்டினாள்: "நாய் கம்பியில் சிக்கிய பின், அது வர முடியாத நிலையில் இருந்தபோது, நான் முக்கால் மணி நேரம் விசில் ஊதி அதைக் கூப்பிட்டேன். என் மகள் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னாள். நான் அவளை விடவில்லை."

"இதோட அனுப்புங்க. நானும் கையெழுத்துப் போடறேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சைத்தாளில் விட்டுப்போன வரியைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

வேறு தாளில் அந்த வரிகள் இல்லாமல் எழுதி அனுப்பிவிட்டு அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒருநாள் எழுதவும் உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த வரிகளோடு அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஓர் அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

"அந்தாளு மேல இரக்கப்பட்டு விட்டுட்டேன்னு மட்டும் வெளிய சொல்லிறாதீங்க," என்றாள் மனைவி ஒருநாள், காய் நறுக்கிக்கொண்டே. ஏற்கெனவே இரண்டு பேரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

மனு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒரு வருஷம் ஆகப்போகிறது. கேழ்வரகு அறுப்பு முடிந்திருக்கும், மரவள்ளி முற்றியிருக்கும். பொழுது இறங்கும் நேரத்தில் மாடியில் துணி எடுக்கப் போனால் எதிரே மலை தெரிகிறது. இந்நேரம் அவர் அந்தச் சந்தில் குனிந்து கம்பியைக் கட்டிக்கொண்டிருப்பார். என்னைப் போல யாராவது ஒருவன் நாயோடும் பிள்ளைகளோடும் அந்தப் பாறைக்குப் போகக்கூடும். தடுத்திருக்க வேண்டியவன் நான்தான். துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறேன்.